விட்டுக்கொடுத்த மிச்சம்

எழுந்ததும் வாய்கூடக் கொப்பளிக்காமல் கைப்பேசியைத் திறக்கிறார் டிரம்மு. அவருடைய கடன் மதிப்பெண் அதில் ஓர் அரைவட்டமாக வருகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நடுவே ஒரு முள். முள் சிவப்பைத் தாண்டி மஞ்சளின் வாசலில் நிற்கிறது. உள்ளே போகமாட்டேன் என்கிறது. மக்கர் செய்யும் மீட்டரைத் தட்டுவதுபோல் நகத்தால் திரையைத் தட்டிப் பார்க்கிறார்.

"என்னதான் கேக்குது இது?"

"பல் தேய்ச்சிட்டு வந்து கேளுங்க" என்கிறாள் மனைவி.

சலவை இயந்திரம் பழுது பார்ப்பவர். திருகாணியைத் தொடுமுன் துணி சுற்றும் டிரம்மை ஒரு தட்டுத் தட்டி, "என்னய்யா, உடம்புக்கு என்ன?" என்று நலம் விசாரிப்பதால் வந்த பெயர் அது. சட்டையின் முன்பக்கம் எப்போதும் ஈரம். சொந்த வண்டி இல்லாததால் மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போவார். பக்கத்து இருக்கைக்காரர் முறைத்தால், "பயப்படாதீங்க, உசுரு போயிருச்சு" என்பார்.

ஒரு காலத்தில் இதே கைப்பேசியில் பணம் வைத்துச் சீட்டாடினார். ஆரம்பத்தில் ஜெயித்தார், வினையே அங்கேதான். விட்டதைப் பிடிக்க ஓர் ஆப்பில் கடன், அதை அடைக்க இன்னொன்றில் கடன். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடிய கதை. மனைவியின் வளையல்கள் அடகுக்கடைக்குப் போன அன்று அவள் அழவில்லை, திட்டவுமில்லை. அந்த மௌனம் தாங்காமல்தான் ஆட்டத்தை விட்டார். சில்லறைக் கடன்களை அடைத்தார். பெரிய கடன் கொடுத்த கம்பெனி, "பாதி கட்டுங்க, முடிச்சுக்கலாம்" என்றது. பைக்கை விற்றுக் கட்டிவிட்டு, விட்டது சனி என்று தலைமுழுகினார்.

வேலை பெருகியதும் சின்ன வேன் ஒன்று வாங்கலாமென்று வங்கிக்குப் போனார். கடன் பிரிவு அம்மாள் திரையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பழைய கடனை செட்டில் பண்ணியிருக்கீங்க சார்."

"ஆமா மேடம்!" என்றார் பெருமையாக.

"அதுதான் பிரச்சினை. முழுசாக் கட்டி முடிக்கிறது வேற, செட்டில்மென்ட் வேற."

"அவங்களாதானே மிச்சத்தை விட்டுக்குடுத்தாங்க?"

"விட்டுக்குடுத்தோம்னு எழுதியும் வெச்சுட்டாங்க."

"நான் சீட்டாடினது அதுல இருக்கா?"

"இல்ல. கடனும் தவணையும்தான் இதுல வரும்."

"அப்ப ஆட்டத்தை விட்டது?"

அம்மாள் மறுபடியும் ஒருமுறை திரையைப் பார்த்தார். "அதுவும் வராது சார்."

அன்றிலிருந்து டிரம்முவுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், வாரம் தவறாமல் சீட்டாடுகிறவர். அவருடைய முள்ளோ பச்சையில் குந்தியிருக்கிறது.

"ஆடுறவருக்கு மார்க்கு, விட்டவனுக்கு முட்டையா மச்சான்?"

"நான் கைக்காசுல ஆடுறேன் மாப்ள. கார் தவணை தேதிக்குப் போயிருது. நீங்க கடன் வாங்கில்ல ஆடுனீங்க!"

கேட்டபோது புரிந்தது போலிருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் மறுபடி குழம்பிவிட்டது.

"அவங்க விட்ட மிச்சத்தையும் கட்டிருவோம்" என்றாள் மனைவி. கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"உங்க பேர்ல பாக்கி எதுவும் காட்டலையே சார்" என்றது ஒரு பெண்குரல்.

"இருக்கும்மா. நல்லாப் பாரும்மா."

"இல்லையே சார்."

"அப்ப நாள் பூரா கூப்பிட்டுத் திட்டுனீங்க. இப்ப நானே கெஞ்சுறேன், வாங்கிக்க மாட்டேங்கறீங்களே!"

பல காதுகள் மாறி, கடைசியில் ஒருவர் சம்மதித்தார். மாதாமாதம் கட்டினார். முள் எப்போது நகரும் என்று வங்கியில் கேட்டார். "கொஞ்சம் கொஞ்சமா நகரும் சார். அப்புறம் வாங்க, வேனைப் பத்திப் பேசலாம்" என்றார் அந்த அம்மாள். அது சரியென்பதா, இல்லையென்பதா என்றும் அவருக்கு விளங்கவில்லை.

கடைசித் தவணை போனதும், கடன் முழுமையாக முடிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. அடுப்படியில் நின்ற மனைவியிடம் கைப்பேசியை நீட்டினார்.

"இது முடிஞ்ச முடிஞ்சதா, முடியாத முடிஞ்சதா?"

அவள் நிதானமாகப் படித்தாள். ஆட்டம் நின்ற நாள்முதல், அவருடைய கைப்பேசி கைக்கு வந்தால் அதிலுள்ள ஆப்புகளை ஒன்று விடாமல் திறந்து பார்த்த பிறகே திருப்பித் தருவாள். அவரும் அதற்காகக் காத்து நின்றார். அவள் வேறெதையும் திறக்காமல் திரையை அணைத்து, அவருடைய சட்டைப்பையில் போட்டாள்.