பூட்டிய அறையில் பூத்த போகன்வில்லா

முள்ளுச் செடியை வீட்டுக்குள் வைத்தால் சண்டை வரும் என்று பெரியம்மா சொன்னார். நாங்கள் வேதக்காரர், சாத்திரம் பார்க்கிறவர்கள் இல்லை என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொள்வோம். மற்ற நாட்களில் பெரியம்மா சொல்வதுதான் சட்டம். அந்த ஒரு தடவை மட்டும் அப்பா அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது எனக்கு ஏழு வயது. கொழும்பு கொட்டாஞ்சேனையில் மூன்றாம் மாடியில் ஒரு அறையும் ஒரு ஹோலுமாக எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். அம்மாவின் வயிற்றில் பிள்ளை. எனக்குப் பிறகு வந்தவை தங்காமல் போய்விட்டதால், இந்த முறை பிறக்கும்வரை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். வீடு முழுக்க ஓடித்திரிந்த மனுசிக்கு ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும்தான் மிஞ்சின. ஜன்னலுக்கு வெளியே தகரக் கூரைகளும் தண்ணீர்த் தாங்கிகளும். "பார்க்கிறதுக்கு ஒரு பூவாவது இருந்தா" என்று அம்மா ஒருநாள் பெருமூச்சு விட்டது அப்பாவுக்குப் போதுமாக இருந்தது.

களனிப் பக்கம் போய் ஒரு போகன்வில்லாவை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கொண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கட் எடுக்கச் சொன்னாராம். அப்பாவின் கையெல்லாம் முள் கீறியிருந்தது. பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பிச் செடியை நட்டு, தண்ணீர் வடியக் கீழே ஒரு பேசினையும் கொடுத்து அம்மாவின் கால்மாட்டில் ஜன்னலோரம் வைத்தார். பின்னேரம் முழுக்க வெயில் அடிக்கிற மூலை அது.

"இது பூக்கிற நேரம் தம்பியோ தங்கச்சியோ வந்திடும் மகள்" என்று என்னிடம் சொன்னார். பிள்ளைகளிடம் பேச்சுக்குச் சொல்கிற பேச்சு. நான் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டேன். பூத்தால் பிள்ளை வரும். பூக்காவிட்டால் வராது.

பிறகென்ன, ஆளாளுக்குத் தண்ணீர் ஊற்றினோம். விடிய வேலைக்குப் போகமுன் அப்பா ஊற்றுவார். முள்ளை மன்னித்துவிட்ட பெரியம்மா, மாதா கோயிலில் இருந்து தீர்த்தம் கொண்டுவந்து அம்மாவுக்குப் பாதி, செடிக்குப் பாதி என்று பங்கிட்டார். கீழ்வீட்டுச் சிங்கள ஆன்ட்டி மீன் கழுவிய தண்ணீரோடு படியேறி வந்தார்; அந்த மணத்துக்கு அம்மா சத்தி எடுத்ததும் அது நின்றது. நான் பள்ளிக்கூடப் போத்தலில் மிச்சம் பிடித்து வந்து ஒருவருக்கும் தெரியாமல் ஊற்றினேன். அந்தச் செடி தாகம் என்றால் என்னவென்று அறியாமல் வளர்ந்தது. கொழுத்த பச்சை இலைகளோடு ஜன்னல் சீலையைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறியது. பூ மட்டும் ஒன்றுமில்லை.

"இது பூக்க வரேல்ல. என்னை மாதிரி சாப்பிட்டுக்கொண்டு சும்மா இருக்க வந்திருக்கு" என்று அம்மா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். பெரியம்மா என் உடுப்புகளை ஒரு பையில் திணித்து, என்னை வெள்ளவத்தைக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். பிள்ளை நேரத்துக்கு முந்திப் பிறந்துவிட்டது, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள், அம்மாவுக்கும் சுகமில்லை என்பதெல்லாம் பெரியவர்கள் அடுப்படியில் குசுகுசுத்ததை வைத்து நானாகப் பொறுக்கியது. என்னிடம் "செபம் பண்ணுங்கோ" என்பதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

எனக்குச் செபத்தைவிடச் செடியில்தான் நம்பிக்கை. பின்னேரங்களில் அப்பா பெரியம்மாவின் போனுக்கு எடுப்பார்.

"செடிக்குத் தண்ணி ஊத்தினீங்களா அப்பா?"

"ஓம் மகள், ஊத்தினனான்."

"பூத்திட்டா?"

"இன்னும் இல்ல. பூக்கும்."

ஒவ்வொரு நாளும் இதே கதைதான். பிறகு பெரியம்மா போனை வாங்கிக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திவிடுவார்.

வாரங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாளைக்கு அம்மாவும் தங்கச்சியும் வருகிறார்கள் என்று சொல்லி அப்பாவே என்னைக் கூட்டிப்போக வந்தார். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தார். வீட்டுக்குள் நுழைந்தால், அம்மாவின் கட்டிலடியில் பாய் விரித்துப் படுக்கிற மனுசன் ஹோலில் படுத்திருந்த அடையாளம் தெரிந்தது. பாயும் எங்களுடையது இல்லை, கீழ்வீட்டு ஆன்ட்டியுடையது. கதிரையில் நான் முன்பு பார்த்திராத புதுச் சேட்டுகள் தொங்கின. அறைக் கதவு வெளியால் தாழ்ப்பாள் போட்டுச் சாத்தியிருந்தது. நான் ஓடிப்போய்த் திறாங்கைத் தள்ளினேன்.

"மகள், கொஞ்சம் பொறுங்கோ" என்று அப்பா பின்னால் சொன்னது காதில் விழுந்தபோது கதவு திறந்துவிட்டது.

புழுங்கிய சூடான காற்று முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு நான் கண்டதை இன்றுவரை என்னால் சரியாகச் சொல்ல முடிந்ததில்லை. இலைகள் பெரும்பாலும் நிலத்தில் சுருண்டு கிடந்தன. கொப்புகளில் பூவைத் தவிர வேறொன்றுமில்லை. வாளியிலிருந்து சீலைக் கம்பிவரைக்கும் ரோஸ் நிறம். நாலு மணி வெயில் அதற்குள்ளால் புகுந்து வந்து சுவர், கூரை, அம்மாவின் வெள்ளைத் தலையணை எல்லாவற்றையும் ரோஸாக்கியிருந்தது. கையை நீட்டிப் பார்த்தேன், என் கையும் ரோஸ். மூச்சு விட்டால் உதிர்ந்துவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கோயிலில்கூட யாராவது தோளை அமுக்கினால்தான் முழங்காலில் நிற்கிற நான், அன்று தானாக முழங்காலில் நின்றேன்.

அப்பா வாசலிலேயே நின்றார். பிறகு மெதுவாக வந்து வாளிக்குள் விரலை வைத்தார். மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"நீங்க ஊத்தின தண்ணிதான் அப்பா" என்றேன்.

"ஓம்" என்றார். குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். கனநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது.

அறைச் சுவரில் நாட்காட்டி, அம்மாவைக் கொண்டுபோன நாளிலேயே நின்றது. விட்டுப்போன தாள்களைக் கிழிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்ததே என்று சந்தோஷமாகக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் அம்மா ஒரு துவாய்க்குள் தங்கச்சியைச் சுற்றிக்கொண்டு வந்து, அறை வாசலில் நின்று செடியையே பார்த்தார். அப்பா ஒருநாளும் தவறாமல் தண்ணீர் ஊற்றியதை நான் மூச்சு விடாமல் சொன்னேன். அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா நிலத்தைப் பார்த்தார். மாடி முழுக்க அதைச் சொல்லித் திரிந்தேன். பெரியம்மா தீர்த்தம் என்றார், கீழ்வீட்டு ஆன்ட்டி மீன் தண்ணீர் என்றார். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது வெள்ளவத்தையில் என் ஃபிளாட்டின் ஹோலில் ஒரு போகன்வில்லா நிற்கிறது. ஊற்று ஊற்றென்று ஊற்றியும் இலைதான். போன கிழமை தங்கச்சி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். "தண்ணிய நிப்பாட்டுங்க அக்கா. நல்லாக் காயவிட்டாத்தான் இது பூக்கும்" என்றாள். நான் கையிலிருந்த ஜக்கைக் கீழே வைத்தேன்.

ஆன்ட்டியின் பாயையும் புதுச் சேட்டுகளையும் கிழிக்காத நாட்காட்டியையும் அன்றைக்கே என் கண்ணால் பார்த்தேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கப்பல் பெட்டிகளை அந்தரத்தில் தூக்கி வைக்கிற மனுசனால், அம்மா இல்லாத அந்தக் கதவை ஒருநாள்கூடத் திறக்க முடியவில்லை.