மிளகாய் பஜ்ஜி தின்ற கிரேக்கக் கழுதை

நான் ஒரு முட்டாள் என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடிக்கும் சிரமம் மிச்சம். செத்துப்போன ஒரு கழுதையை, அதுவும் பண்டைய கிரேக்கத்துக் கழுதையை, மிளகாய் பஜ்ஜி கொடுத்துப் பிழைக்க வைத்தவன் நான். அப்போது எனக்குப் பத்து வயது. மன்னிப்பு கிடைக்கும் என்று வயதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் கையில் அந்தப் பேனா கிடைத்தால் அதையேதான் செய்வேன்.

அடுகோடியில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே குடியிருந்தோம். அக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சையை முடித்திருந்தாள். அவளுக்குக் கிரேக்கப் பைத்தியம். அடுப்பில் பால் பொங்கினால்கூட எந்தத் தெய்வத்துக்குக் கோபம் என்று யோசிப்பாள். அந்த விடுமுறையில் உட்கார்ந்து ஒரு நாவலே எழுதிவிட்டாள். ஒரு கிரேக்கத் தீவு, அதில் பளிங்குக் கல் வெட்டும் மலை, கல் சுமக்கும் மிர்ட்டோ என்ற பெண், அவளுடைய கழுதை. சென்னையில் ஒரு பதிப்பகம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாவல் போட்டி வைத்திருந்தது. அதற்கு அனுப்பப்போகிறாள்.

போட்டி வெறும் போட்டியல்ல. பி.யூ.வில், அதாவது பதினோராம் வகுப்பில், வரலாறு படிக்க ஆர்ட்ஸ் சேர வேண்டும் என்று அக்கா. சயன்ஸ்தான் என்று அப்பா. அப்பா ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். காலையில் கம்பெனி பஸ் பிடிப்பதற்கு முன் பத்து நிமிடம் இந்தச் சண்டை தினமும் நடக்கும்.

"ஆர்ட்ஸ் படிச்சிட்டு என்னம்மா பண்ணுவ? கிரேக்கத்துல வேலை ஏதாவது காலியா இருக்கா?"

"நாவல் நல்லா இருக்குன்னு அவங்க சொல்லிட்டா?"

"சொல்லட்டும், பாக்கலாம். இல்லன்னா சும்மா அழாம சயன்ஸ்ல சேந்துடணும்."

அக்கா சரி என்றாள். அவ்வளவு பெரிய பந்தயத்தைக் கட்டிவிட்டு, அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள் என்பதுதான் வேடிக்கை. காரணம், அவள் எழுத்தை அவளாலேயே மறுநாள் படிக்க முடியாது. எனக்கோ முத்து முத்தான கையெழுத்து. அம்மா வீட்டில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்த தமிழ். என்னிடம் இருந்த ஒரே நல்ல விஷயம். இரண்டு அத்தியாயம் படி எடுத்தால் ஒரு பிளேட் கோபி மஞ்சூரி என்று பேசி முடித்தோம். பத்து அத்தியாயத்தை ஒழுங்காகவே எழுதினேன். ஐந்து பிளேட்.

பதினோராம் அத்தியாயத்தில் கப்பல் கிளம்பப் போகிறது. அவசரத்தில் மிர்ட்டோ கழுதையின் முதுகில் இன்னொரு கல்லை ஏற்றுகிறாள். துறைமுகப் படிக்கட்டில் கழுதை சரிந்து விழுந்து செத்துப்போகிறது. நான் பேனாவை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். பிறகு நேராக அக்காவிடம் போனேன்.

"அக்கா, கழுதை சாகவேணாமே."

"செத்துத்தான் ஆகணும். நீ பாத்து எழுது, போதும்."

பாத்துத்தான் எழுதினேன். விழுந்த கழுதையைப் பார்த்து, துறைமுகத்தில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஒரு நல்ல மனிதர் ஓடிவருகிறார். சூடான மிளகாய் பஜ்ஜி ஒன்றை அதன் வாயில் வைக்கிறார். காரம் உச்சந்தலைக்கு ஏற, கழுதை துள்ளி எழுகிறது. எங்கள் தெருமுனை பஜ்ஜி என்னை அப்படித்தான் எழுப்பும். கழுதைக்கும் எனக்கும் அதிக வித்தியாசம் இருக்காது என்பது என் கணக்கு. மீதி அத்தியாயங்களை உள்ளது உள்ளபடி எழுதிக் கடைசி நாள் மதியம் கொடுத்தேன். தபால் நிலையம் மூடுவதற்குள் ஓட வேண்டும் என்று அக்கா புரட்டிக்கூடப் பார்க்காமல் உறையை ஒட்டினாள்.

அன்று மாலை மஞ்சூரி தின்றுகொண்டே சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"ஒரே ஒரு எடத்துல தப்பு இருந்தா என்ன பண்ணுவாங்க?"

"வரலாறு தெரிஞ்சவங்கடா அவங்க. ஒரு தப்பு கண்ணுல பட்டா அப்பவே தூக்கி ஓரமா போட்டுடுவாங்க."

மீதி மஞ்சூரியை அவள் பக்கமே தள்ளிவிட்டேன். அதன்பின் ஐந்து வாரம் தபால்காரரைக் கண்டால் மாடிக்கு ஓடினேன். அக்கா சயன்ஸ் கூடத்தில் தவளையை அறுத்துக்கொண்டே என்னை முறைப்பதாகக் கனவு வந்தது.

பி.யூ. விண்ணப்பத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. அப்பாதான் பிரித்து, எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். பரிசு இல்லை. கல் வெட்டும் மலையைப் பற்றிய பகுதிகள் கண்முன்னே நிற்கின்றனவாம். ஆனால் அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் மிளகாயே கிடையாதாம். மேலும், உயிரோடு இருக்கும் கழுதைக்காக அந்தப் பெண் அடுத்த இரண்டு அத்தியாயம் அழுவது ஏன் என்று நடுவர்களுக்கு விளங்கவில்லையாம். திருத்தி அனுப்பினால் மறுபடி படிக்கத் தயார்.

அடுத்த அத்தியாயங்களில் அழுகை இருந்ததை நான் யோசிக்கவே இல்லை. அக்கா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒத்துக்கொள்வதென்று எழுந்து நின்று வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

"யாரு பண்ண தப்பு இது?"

"நான்தான்ப்பா," என்றாள் அக்கா.

அப்பா கடிதத்தை இன்னொரு முறை, தொழிற்சாலையில் உதிரி பாகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதைப் போலப் பார்த்தார்.

"எங்க கம்பெனில ரிஜெக்ட்டுன்னா பேச்சே கெடையாது, நேரா தொட்டிதான். எந்த எடத்துல தப்புன்னு சீட்டு எழுதி ஒட்டுனா அது ரீவொர்க், சரி பண்ணிக்கலாம். இது ரீவொர்க்கும்மா."

கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "அந்த ஆர்ட்ஸ் ஃபாரத்தைக் கொண்டா."

எனக்கு அடி விழவில்லை. திட்டுகூட இல்லை. மறுநாளே அக்கா திருத்த உட்கார்ந்தாள். படி எடுக்க இம்முறை என்னைக் கூப்பிடவில்லை. தன் கிறுக்கலையே நிறுத்தி நிதானமாக, ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் எடுத்துக்கொண்டு எழுதினாள். கழுதை மறுபடி செத்தது. அது விழுந்த இடத்தில்தான் மிர்ட்டோ தன் முதுகுக் கல்லையும் இறக்கிவிட்டுத் தீவைவிட்டே கிளம்புகிறாள் என்பது எனக்கு அப்போது புரியவில்லை. அக்கா ஏன் பழியை ஏற்றாள் என்பது மட்டும் நன்றாகவே புரிந்துவிட்டதாக நினைத்தேன். தம்பிப் பாசம். இருபது வருடமாக அந்தப் பாசத்தை நினைத்து நினைத்து உருகியிருக்கிறேன். என் கல்யாணத்தில் அதைப் பற்றி மைக்கில் பேசி அழுதும் இருக்கிறேன்.

அக்கா இப்போது வைட்ஃபீல்டில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறாள். பதின்வயதுப் பிள்ளைகளுக்காக அவள் எழுதிய கிரேக்க நாவல்கள் ஐந்து வந்துவிட்டன. போன மாதம் ஐந்தாவதை வாங்கப் போயிருந்தபோது, கண்ணில் லேசாக நீர் தளும்ப அவளிடம் கேட்டேன்: "அன்னைக்கு என்னைக் காப்பாத்தத்தானே அக்கா பழியை நீ ஏத்துக்கிட்ட?"

எனக்கான புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிரக்கூட இல்லை.

"நீ எழுதுனதுன்னு ஒரு வரிய விட்டுக்கொடுத்தா, மொத்த நாவலும் உன்னுதுன்னு கெளம்பிடுவடா."