இத்தாலிப் பாடம் நடத்திய வாரம்

புதுப்பட்டினத்தில் ஒரு தனியார் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வீடு நாவலூரில், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில். இத்தாலியில் பாசிசம் வளர்ந்ததற்கான காரணங்களை ஆண்டுதோறும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவேன்: போரில் வென்றும் ஏமாந்த நாடு, வேலையில்லாத சிப்பாய்கள், விலைவாசி, நிலைக்காத அரசுகள். போன வருடம் அப்படிச் சொல்ல வரவில்லை.

அந்த வாரம் எங்கள் குடியிருப்பின் துப்புரவுப் பெண்கள் வாரத்தில் ஒருநாள் விடுமுறை கேட்டு வேலையை நிறுத்தியிருந்தார்கள். திருக்கழுக்குன்றம் பக்கத்திலிருந்து வேனில் வருகிறவர்கள். மூன்றாம் நாள் குப்பை நாறியது. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஆளாளுக்குக் கத்தினார்கள். இன்றைக்கு விடுமுறை கேட்பவர்கள் நாளைக்கு நம் வீட்டையே கேட்பார்கள் என்றார் ஒருவர். அப்போதுதான் மூன்றாம் மாடிக்காரர் எழுந்தார். லாரித் தொழில் செய்பவர். அதுவரை கூட்டத்தில் வாய் திறக்காதவர்.

"பேசிகினே இருந்தா குப்பை போவாது சார். எங்கிட்ட வுடுங்க, நான் பாத்துக்கறேன்."

இனி எல்லா முடிவையும் அவரே எடுக்கலாம் என்று எழுதிய தாள் சுற்றி வந்தது. அவர் முரடர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு மாதம் போகட்டும், பிறகு அடக்கிக்கொள்ளலாம் என்று பக்கத்திலிருந்த ஓய்வுபெற்ற அதிகாரி என் காதில் சொன்னார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை ஒரே நிறப் பனியன் போட்ட எட்டுப் பேர் வாசலில் நின்று அந்தப் பெண்களை நெட்டித் தள்ளினார்கள். எங்கள் மாடியைப் பெருக்கும் அம்மா கீழே விழுந்து, முழங்கையில் ரத்தத்தோடு எழுந்தார். என்னைப் பார்த்தார்.

"சார், நீயும் கையெழுத்துப் போட்டியாமே?"

பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அன்று வகுப்பில், கூலியாட்கள் சங்கம் சேர்ந்ததைக் கண்டு மிரண்ட இத்தாலிய நிலக்காரர்கள் கறுப்புச் சட்டை அடியாட்களுக்குப் படியளந்ததைச் சொன்னேன். ஆட்சிக்குள் விட்டால் அடக்கிவிடலாம் என்று பழைய மந்திரிகள் அந்த அடியாட்களின் தலைவனைப் பற்றி நினைத்ததைச் சொல்லும்போது கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகள் தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது குப்பை தினமும் போகிறது. வேறு ஆட்கள் வருகிறார்கள். கூட்டம் நடப்பதில்லை. பனியன்காரர்கள் போகவில்லை; நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். அடுத்த கூட்டம் எப்போது என்று ஓய்வுபெற்ற அதிகாரி கேட்டாராம். அவருடைய காரை அன்றிலிருந்து உள்ளே விடுவதில்லை; தெருவில் நிற்கிறது.

நேற்று அவர்களில் ஒருவன் என்னை நிறுத்தி, பள்ளியில் என்ன பாடம் எடுக்கிறேன் என்று கேட்டான்.

கணக்கு என்று சொன்னேன்.