சுப்பையன் தேடிய கோடு

நல்லூரில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் நான்கு போட்டிருந்த சுப்பையனுக்கு, காலில் நடந்த ஆபரேஷனைவிட அதற்குப் போட்ட மயக்க ஊசிதான் பெரிய வினையாகிப் போனது. 2008இல், காதர்பேட்டை பனியன் சந்தையிலிருந்து திரும்பும்போது மொபெட் சறுக்கி எலும்பு முறிந்து, காலுக்குள் பிளேட் வைத்தார்கள். வலி குறைந்துகொண்டே வந்தது. மனுஷனுக்கு நிம்மதிதான் வரவில்லை.

"தூங்கி எந்திரிச்சா, தூங்குனோம்னு தெரியுமுங்க. இது அப்படியில்லீங்க. ஊசி குத்துனாங்க, கண்ணத் தொறந்தா கட்டுப் போட்டிருக்குது. நடுவால நான் எங்கீங்க போனேன்?"

பார்க்க வந்தவர்களையெல்லாம் இதையே கேட்டுத் துளைத்தெடுத்தார். நாளடைவில் ஆரஞ்சுப் பழத்தை வாசலிலேயே கொடுத்துவிட்டு நழுவ ஆரம்பித்தார்கள்.

கரண்ட் போய் மெஷின் நின்று, திரும்ப ஓடினால் துணியின் குறுக்கே ஒரு கோடு விழும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நின்ற இடம் தெரிந்துவிடும். தன் நினைவிலும் அப்படியொரு கோடு இருந்தே ஆக வேண்டும் என்று சுப்பையன் புரண்டு புரண்டு தேடினார். ஊசி இருந்தது, கட்டு இருந்தது, நடுவில் ஒரு தடயமும் இல்லை. 'நான்' என்பது ஒரு துளி மருந்துக்கு அணைகிற சமாச்சாரம்தானா?

அந்த நேரம் பார்த்து பிளேட் வைத்த இடம் சீழ் பிடித்தது. பிளேட்டை எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்றார் டாக்டர்.

"மறுபடி ஊசின்னா நான் மாட்டேன். அணைஞ்சவனும் எந்திரிக்கிறவனும் ஒரே ஆளுதான்னு யாரு சாட்சி?"

"நான் சாட்சிங்க" என்றாள் மனைவி முத்தாத்தாள். "போன தடவ எந்திரிச்சதும் எம்மேல எரிஞ்சு விழுந்தது வேற யாருங்க?"

சுப்பையன் அசையவில்லை. கடைசியில் டாக்டர்தான் இறங்கி வந்தார். முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும், முழித்தே இருக்கலாம் என்றார். ஜெயித்த மிதப்பில் சுப்பையன் மேஜையில் ஏறிப் படுத்தார். ஒரு நொடிகூடத் தன்னைத் தவறவிடக் கூடாது என்று கண்ணை விரித்து வைத்துக்கொண்டார்.

முதுகில் ஊசி ஏறியதும், மருந்து தடவ நர்ஸ் ஒரு காலைத் தூக்கிப் பிடித்தாள்.

"யாரோட காலுங்க அது?"

"உங்களதுதாங்க."

தன் கால்கள் மேஜைமேல் நீட்டிக் கிடப்பதாகவே அவருக்கு இருந்தது. கண்ணுக்கு எதிரே தொங்கியதோ யாரோ ஒருவனுடையது. கட்டை விரலை ஆட்டச் சொல்லி மனசுக்குள் அதட்டினார். அது கேட்கவில்லை. கண் கொட்டாமல் காவல் காத்தும் பாதி ஆளைக் காணோம்.

"சாமி, மீதியவும் அணைச்சுப்போடுங்க!" என்று டாக்டரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார் சுப்பையன்.