மட்டைக்கு எது முன்பக்கம்?

இந்த மாத முதல் ஞாயிறு என் பந்து கருவேலம் புதருக்குள் போனது. ஒரு தடவையா? ஏழு மட்டை... ஏழு புதர்.

இடம் அரியக்குடி போகும் வழியிலுள்ள பொட்டல். பால்பவுடர் டப்பாக்களைக் குழியாகப் புதைத்து கோல்ஃப் பழகுகிறேன். சிரிக்காதீர்கள். பினாங்கிலிருந்து லீவில் வந்த சித்தப்பா, ஏழு மட்டைகளின் இரும்புத் தலைகளையும் ஏழு எஃகுத் தண்டுகளையும் தனித்தனியாகக் கொடுத்து நிபந்தனை போட்டிருந்தார்.

"செட்டாச் சேத்து, ஏழுலயும் நேரா அடிச்சுக் காட்டு. ஒனக்கு. இல்லாட்டி எங்கூடவே கப்பல் ஏறிரும்."

காரைக்குடியில் இதற்கு யார் இருக்கிறார்கள்? சைக்கிள் கடை காசிம் அண்ணன்தான். மலேயாவில் இதே வேலை பார்த்தவராம் — அவரே சொன்னது. சாட்சி?

தண்டின் பிடிப்பக்கத்தை வைஸ் இடுக்கியில் இறுக்கி, நுனியைச் சுண்டினார். நுனி வட்டமடித்தது. கொஞ்சம் திருப்பி மறுபடி சுண்டினார். ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு பெண்டுலம் போல நேர்கோட்டில் ஆடியது. அங்கே ஒரு பெயின்ட் புள்ளி.

"குழாய்ல ஒரு பக்கம் வெறைப்பு ஜாஸ்தி தம்பி. ஏழு புள்ளியும் பந்து போற பக்கம் பாக்கணும்."

"உருண்டைக் குழாய்க்கு ஏதுண்ணே பக்கம்?"

"ஆடுறது தெரியுதுல்ல? கண்ணை வீட்டுல வச்சுட்டா வந்தீக?"

மூன்றாம் நாள் செட் கைக்கு வந்தது. வரிசையாகச் சாத்தினேன். தண்டுகளின் கம்பெனி ஸ்டிக்கர் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே, ஒன்று சுவரைப் பார்த்து... இதுவா செட்? பிசிக்ஸ் படித்தவனிடமேவா?

பம்ப் ஸ்டவ்வில் சூடு காட்டித் தலைகளை இளக்கினேன். ஏழு ஸ்டிக்கரும் என்னைப் பார்க்கும்படி திருப்பி ஒட்டினேன். அசிங்கமான புள்ளிகளை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அணிவகுப்பு மாதிரி அழகு!

அந்த அழகுதான் ஏழு புதர். சித்தப்பா கப்பலுக்கு இன்னும் ஒரே ஞாயிறு.

மறுநாள் கடைக்கு ஓடினேன். "செட்டு சரியில்லண்ணே." திருப்பியதைச் சொல்லவில்லை.

காசிம் அண்ணன் ஒரு மட்டையை எடுத்து மோந்து பார்த்தார். "மண்ணெண்ணெய் வாடை. தொடச்சீகளா?"

தலையை ஆட்டினேன்.

"திருப்புனீகளா?"

"ஸ்டிக்கர் கோணலா இருந்துச்சு..."

"ஸ்டிக்கர் ஒட்டுனவன் வெறைப்பையா பாத்தான்? கை போன எடத்துல ஒட்டியிருப்பான்."

"மறுபடி ஏழையும் சுண்டணுமாண்ணே?"

காசிம் அண்ணன் பிடியில் சுற்றிய தோலைப் பிரித்தார். அடியில், முடி கனத்துக்கு அரத்தால் இழுத்த ஒரு கீறல். ஏழிலும் இருந்தது. புள்ளி இருந்த அதே பக்கம்.

"இதை எப்பண்ணே போட்டீக?"

"மொத நாளே. நீங்க முழிச்ச முழியிலயே தெரிஞ்சுச்சு, வீட்டுல போயிப் பிரிப்பீகன்னு."

கீறலை வைத்து ஏழையும் பழையபடி ஒட்டினார். அடுத்த ஞாயிறு ஏழும் நேராகப் போயின. சித்தப்பா கப்பலேறிவிட்டார், மட்டைகள் என் அறையில். ஸ்டிக்கர்கள் இன்னும் ஆளுக்கொரு பக்கம் பார்க்கின்றன.

காசிம் அண்ணன் என்னைத் தெரிந்தவர்... வேறெங்காவது இன்னொரு கீறல் போட்டு வைத்திருப்பாரோ?