தேங்காய்த்திட்டில் தவறவிட்ட குரல்

போன மாதம் ஒரு சனிக்கிழமை புதுச்சேரி போனேன். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் மீன் கழுவும் பெண்களின் வரலாற்றை எழுத வேண்டும் என்று வெகுநாள் ஆசை. பழைய காகிதங்களில் படகுக்காரர்கள் இருக்கிறார்கள், ஏலக்காரர்கள் இருக்கிறார்கள், இந்தப் பெண்கள் இல்லை. அவர்கள் வாயால் சொல்வதுதான் ஆதாரம். அதனால் ஒலிப்பதிவுக் கருவியோடு கிளம்பினேன்.

திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ நூற்றியிருபது ரூபாய். பேரம் பேசினால் குறையும், எனக்கு அது வராது.

என்னிடம் பேசியவரை அக்கா என்றே சொல்கிறேன். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். பதிவின் தொடக்கத்தில் பேசுபவர் தன் பெயரையும் ஊரையும் சொல்வது எங்கள் வேலையில் வழக்கம். அக்காவும் சொன்னார். பிறகு, ஒரு படகு முதலாளி ஏலக்கூடத்தில் எல்லோர் முன்னாலும் தன்னை எட்டி உதைத்ததைச் சொன்னார், அந்த முதலாளியின் பெயரோடு. முடித்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மவன் அவரு போட்லதான் போறான் பாப்பா. அவனுக்கு இது தெரியாது. தெரிஞ்சா பொழப்பு போச்சு."

திரும்பும் பஸ் கோரிமேட்டை நெருங்கும்போது பையைத் துழாவினேன். கருவி இல்லை. அதற்குப் பூட்டெல்லாம் கிடையாது, யார் பட்டனை அமுக்கினாலும் பேசும். துறைமுகத்திலிருந்து ஏற்றி வந்த ஆட்டோக்காரருக்கு ஜிபேயில் பணம் போட்டிருந்தேன். அந்த எண்ணுக்கே அடித்தேன்.

"ஆமா மேடம், சீட்டுல கெடந்துச்சு. யாருதுன்னு அமுக்கிப் பாத்தேன். பேரு சொன்னதும் நம்ம அக்காவுதுன்னு நிறுத்திட்டேன்."

"இப்ப எங்க இருக்கு?"

"அவங்க வூட்லயே குடுத்துட்டேன். அக்கா இல்ல, மவன் இருந்தாரு."

பாவம், அவர் நல்லதுதான் செய்தார். கோரிமேட்டில் இறங்கி, கேட்ட காசைக் கொடுத்து வேறு ஆட்டோவில் திரும்ப ஓடினேன். வழியெல்லாம், பையன் அதை அமுக்கியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே போனேன்.

அக்கா வாசலில் கருவியோடு நின்றிருந்தார். உள்ளே பையன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"முழுசா கேட்டுட்டான். இனிமே அந்த போட்ல ஏற மாட்டானாம்."

"அழிச்சிடட்டுமாக்கா?"

"இனிமே அழிச்சி என்னா ஆவப் போவுது? வச்சிக்கோ. எழுதறதுன்னா எழுது, பேரு மட்டும் வேணாம்."

இப்படிப் பேட்டி எடுக்கப் போகிறவர்களுக்கு: பெயரைப் பதிவில் சொல்ல வைக்காதீர்கள், தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டு போட்ட போனில் பதியுங்கள். ஆட்டோவிலிருந்து இறங்கினால் சீட்டைத் திரும்பிப் பாருங்கள்.

போன வாரம் அக்கா கூப்பிட்டிருந்தார். பையனை வேறு யாரும் படகில் சேர்த்துக்கொள்ளவில்லையாம். கருவி என் மேசை மேல்தான் இருக்கிறது. அதைப் போட்டுக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.