மஞ்சள் வைத்த சிவப்புப் புடவை

இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, ஆடி மாதம். ஆரணியில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் புடவை வியாபாரம். பின்கட்டில் என் கணவரின் தறி. ஆடியில் ஈ ஓட்டிக்கொண்டுதான் இருப்போம். அப்படி ஒரு மத்தியானம், நெடுநெடுவென்று ஒரு வெளிநாட்டு இளைஞர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு "வணக்கம்" என்றார்.

கானா நாட்டுக்காரர். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இன்ஜினீயரிங் படிக்கிறாராம். கூடப் படிக்கும் அவர் ஊர்க்காரர் அன்றிரவே விமானம் ஏறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்ப ஒரு சிவப்புப் பட்டு வேண்டும், சனிக்கிழமை அக்கா அதை உடுத்த வேண்டும், சாயங்காலத்துக்குள் வேலூர் திரும்பியாக வேண்டும். அவருக்குத் தெரிந்த நாலு தமிழ் வார்த்தை, என்னுடைய பி.காம். ஆங்கிலம், மிச்சத்துக்குக் கை ஜாடை என்று இவ்வளவையும் புரிந்துகொண்டேன்.

சிவப்புப் பட்டு, அக்கா, சனிக்கிழமை. கல்யாணம்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவர்களுக்கேது ஆடி! எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அக்காவுக்குக் கல்யாணமா, மாப்பிள்ளை என்ன வேலை, அடுத்தது உங்களுக்குத்தானே என்று அடுக்கிக்கொண்டே போனேன். அவர் லேசாகச் சிரிக்கப் பார்த்தார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

அகலக் கரைப் புடவைகளாக விரித்தேன். ஜரிகை வேண்டாம், பளபளப்பே கூடாது என்றார். கறுப்புக் கரை கிடைக்குமா என்று வேறு கேட்டார். "ஐயய்யோ, நல்ல காரியத்துக்குக் கறுப்பா?" என்று அவருக்கும் சேர்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கடைசியில் ஜரிகையே இல்லாத ஓர் அரக்குச் சிவப்பை எடுத்தார். ஆறு கஜம் இருக்குமா என்று கேட்டார். அவர்கள் ஊரிலும் பெண்கள் உடுப்புக்கு ஆறு கஜம்தான் வாங்குவார்களாம். எனக்கு ஒரே குஷி, ஏதோ சம்பந்தியே ஆகிவிட்ட மாதிரி.

உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார். "நீயே பேசிகினு இருக்கியே, அவரு இன்னா சொல்ல வராருன்னு கேளேன்."

நான் காதில் வாங்கவில்லை. கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்தேன். அவர் பதறிக் கையை நீட்டினார். "சும்மா இருங்க தம்பி, நல்லதுக்குத்தான்" என்று புடவை முனையில் மஞ்சளை வைத்துவிட்டு, அவர் கையில் கல்கண்டைக் கொட்டினேன். பெரியவர்கள் கொடுத்ததை மறுக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, வாயில் போட்டுக்கொண்டார். மென்று முடிப்பதற்குள் அழுதுவிட்டார்.

அவருடைய அம்மா இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. நம்மைப் போல உடனே எடுப்பதில்லையாம். உறவெல்லாம் வந்து சேரும்வரை வைத்திருந்து, வரும் சனிக்கிழமை அடக்கம். நெருங்கிய சொந்தங்கள் அந்தத் துக்கத்துக்கு உடுத்துவது சிவப்பும் கறுப்பும். விமான டிக்கெட்டுக்கு வழியில்லாததால் இவரால் போக முடியவில்லை. தான் வாங்கிய துணியாவது அம்மாவின் பக்கத்தில் நிற்கட்டும் என்று, பஸ்ஸில் இடம்கூடக் கிடைக்காமல் ஆரணிவரை வந்திருக்கிறார்.

தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்கு இனிப்பைக் கொடுத்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறேன்! கணவர் தறியை விட்டு எழுந்து வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். மஞ்சள் கறை லேசில் போகாது. "மன்னிச்சிடுங்க தம்பி. இத வெச்சிட்டு வேற எடுத்துக்குங்க" என்று அதே நிறத்தில் இன்னொரு புடவையை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. இந்த மஞ்சள் எதற்காக என்று கேட்டார். உடுத்துகிறவள் நன்றாக வாழ வேண்டும் என்று வைப்பது, துக்கத்துக்கு எடுக்கும் துணியில் வைக்க மாட்டோம் என்றேன். கொஞ்ச நேரம் அந்த முனையையே தடவிக்கொண்டிருந்தார். பிறகு ஆங்கிலத்தில் நிதானமாகச் சொன்னார்: "அம்மா போய்விட்டார். இதை உடுத்தப்போவது என் அக்கா. அவள் வாழ வேண்டும் இல்லையா? மஞ்சள் இருக்கட்டும்."

கணவர்தான் அவரை வண்டியில் கூட்டிப்போய் வேலூர் பஸ் ஏற்றிவிட்டு வந்தார்.

துக்க வீட்டுக்கு மங்கலப் பொருள் எதையும் எடுத்துப்போகக் கூடாது என்று சொல்லித்தான் என்னை வளர்த்தார்கள். ஊரோடு ஒத்து வாழ வேண்டுமே, இன்றும் நான் அப்படியேதான் நடந்துகொள்கிறேன். ஆனால் இழவு வீட்டில் மூலையில் உட்கார்ந்து அழும் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம், நன்றாக இருக்க வேண்டும் என்ற வாழ்த்து கல்யாணப் பெண்ணைவிட இவளுக்கல்லவா அவசரமாக வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொள்கிறது.